வீட்டில் இரட்டை ஐபிஏ: கேள்விகளும் பதில்களும்

வீட்டில் பீர் தயாரிப்பதைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழும் தமிழர்களும் மதுரை வாசகர் ஒருவரும் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. இம்முறை பொருள் ஒன்றுதான்: ஆல்கஹால் 8 விழுக்காட்டைத் தொடும், ஹாப்ஸ் பூக்களின் மணமும் கசப்பும் மேலோங்கிய அமெரிக்க இரட்டை ஐபிஏ (ஐபிஏ என்பது ‘இந்தியா பேல் ஏல்’ என்ற வெளிர் பீர் வகையின் சுருக்கம்).

கேள்வி (ஓக்லாந்து): ஐயா, சாதாரண ஐபிஏ ஓரளவு கைவந்துவிட்டது. எல்லாப் பொருள்களையும் இரண்டு மடங்காக்கினால் இரட்டை ஐபிஏ ஆகிவிடுமா? 20 லிட்டருக்கு அளவு சொல்லுங்கள்.

பதில்: ஆகாது. அப்படிச் செய்தால் நாக்கில் ஒட்டும் இனிப்புப் பீர்தான் கிடைக்கும். 1994இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் டெமெகுலாவில், பிளைண்ட் பிக் என்ற சிறிய ஆலையில், வின்னி சிலுர்சோ இவ்வகையை முதலில் தயாரித்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. பின்னர் ரஷ்யன் ரிவர் ஆலையில் அவர் உருவாக்கிய பிளைனி தி எல்டர் இவ்வகைக்கே உரைகல்லாகிவிட்டது. 8 விழுக்காடு வலிமை இருந்தும் அந்தப் பீர் குடித்து முடித்ததும் வாயில் இனிப்பு தங்குவதில்லை. முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட் பின்வாங்கி ஹாப்ஸுக்கு வழிவிடுகிறது. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த வறட்சியைத்தான்.

வெளிர் மால்ட் 6 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 250 கிராமுக்கு மிகாமல், டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை 400 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை முழுவதும் நொதித்துவிடும் என்பதால் அது வலிமையைக் கூட்டி உடலை மெலிதாக்குகிறது. அதைச் சேர்ப்பது ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பதை நான் பொருட்படுத்துவதில்லை. மால்ட்டை 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, கொதிக்கவிடுங்கள். கசப்புக்காகக் கொலம்பஸ் ஹாப்ஸ் 30 கிராமைக் கொதியின் தொடக்கத்திலேயே போட்டு, அடுப்பை அணைத்த பின் 80 டிகிரிக்கு ஆறவைத்து, சிம்கோ, சென்டென்னியல் ஹாப்ஸ் வகைகளைக் கலந்து 100 கிராமை 20 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு குளிர்வித்து ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிடுங்கள். நொதித்தல் முடியும் தறுவாயில் மேலும் 150 கிராமை உலர்ஹாப்பாக (அதாவது கொதிக்கவைக்காமல் பீரிலேயே) சேர்த்து, நான்கு நாள்களுக்கு மேல் வைக்காமல் பிரித்துவிடுங்கள். நாள் கூடினால் மணம் கூடாது, புல் வாடைதான் ஏறும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டு, தொடக்க அடர்த்தி 1.072, இறுதி அடர்த்தி 1.011 என்று வந்தால் ஆல்கஹால் ஏறத்தாழ 8 விழுக்காடு.

ஹாப்ஸ் பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். பெல்லட்டுகள் (அழுத்தி உருட்டிய ஹாப்ஸ்) பச்சையாக இருந்து, விரலால் நசுக்கும்போது பிசினும் எலுமிச்சைத் தோலும் மணந்தால் நல்லது. பழுப்பேறிப் பாலாடைக்கட்டி வாடை அடித்தால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் குப்பைக்கூடைதான் அதற்கு இடம்.

கேள்வி (சிங்கப்பூர்): வீட்டுக்குள் எப்போதும் 30 டிகிரி. யுஎஸ்-05 என்ற ஏல் ஈஸ்ட்டை வைத்துச் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியாது. அந்த ஈஸ்ட்டுக்கு 18, 19 டிகிரி வேண்டும். 30 டிகிரியில், அதுவும் இவ்வளவு அடர்த்தியான வோர்ட்டில் (நொதிக்கும் முன்னுள்ள மால்ட் சாற்றில்), தொண்டையை எரிக்கும் கனத்த ஆல்கஹால்கள் உருவாகும். நொதிக்கும்போது வெப்பம் வெளிப்படுவதால், பாத்திரத்தின் உள்ளே அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். பழைய குளிர்பெட்டி ஒன்றையும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றையும் வாங்குங்கள். அக்கருவியின் உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாமல், பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே தடித்த பஞ்சுத்துணியால் மூடுங்கள். குளிர்பெட்டிக்கு இடமில்லை என்றால் நார்வேப் பண்ணைகளிலிருந்து வந்த குவைக் ஈஸ்ட் இருக்கிறது. அது 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும். உங்கள் நாட்டில் 2004 முதல் வீட்டுத் தயாரிப்புக்கு அனுமதி உண்டு; ஆனால் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் வரம்பு.

கேள்வி (லண்டன்): குழாய்த் தண்ணீரையே பயன்படுத்தலாமா?

பதில்: குளோரினை நீக்காமல் பயன்படுத்தினால் மருந்துக்கடை வாடை வரும், குளோரினை நீக்கும் கேம்ப்டன் மாத்திரை பாதி போதும். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்புக் காரத்தன்மை மிகுதி என்பதால், லாக்டிக் அமிலம் சேர்த்து மாஷின் (மால்ட் ஊறும் கலவையின்) பிஎச் அளவை 5.3 அருகே கொண்டுவாருங்கள். அதன்பின் ஜிப்சம் என்ற கால்சியம் சல்ஃபேட் உப்பு: 20 லிட்டருக்கு ஒரு கிராம் சேர்த்தால் சல்ஃபேட் லிட்டருக்குச் சுமார் 28 மில்லிகிராம் உயரும். மொத்தம் 200 மில்லிகிராம் அருகே இருந்தால் கசப்பு கூர்மையாக நிற்கும்.

கேள்வி (டொராண்டோ): கசப்பை அளக்கும் ஐபியூ அலகில் 150 வரை கசப்பை ஏற்ற விரும்புகிறேன்.

பதில்: மென்பொருளில் ஏற்றலாம். பீரில் 100க்கு மேல் கரைவது அரிது. நாக்குக்கு வேறுபாடும் தெரியாது.

கேள்வி (டல்லாஸ்): ஐந்தாம் நாளே காற்றடைப்பில் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடியில்) குமிழி நின்றுவிட்டது. பாட்டிலில் அடைக்கலாமா?

பதில்: கூடாது. குமிழி ஒரு சான்றே அன்று. மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழி நிற்கும், அறை சூடேறினால் முடிந்துபோன பீரிலும் குமிழி வரும். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். உலர்ஹாப் போட்ட பீரில், அந்த மூன்று நாளை ஹாப்ஸ் போட்ட பின்புதான் எண்ண வேண்டும்.

கேள்வி (மெல்பர்ன்): இந்தியாவுக்குப் போகும் கப்பலில் கெடாமல் இருக்கவே ஹாட்சன் என்பவர் வலுவான ஐபிஏவைக் கண்டுபிடித்தார். நம் சென்னைத் துறைமுகத்துக்கு வந்த பீரின் வாரிசுதானே இரட்டை ஐபிஏ?

பதில்: இந்தக் கதை எத்தனை முறை மறுக்கப்பட்டாலும் சாவதில்லை. ஜார்ஜ் ஹாட்சன் லண்டனின் போ பகுதியில் ஆலை வைத்திருந்தது உண்மை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவருடைய பீர் இந்தியாவுக்குப் போனதும் உண்மை. அவர் எதையும் கண்டுபிடித்ததற்குச் சான்றில்லை. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூட்ட வேண்டும் என்பதை ஆங்கிலேய ஆலைக்காரர்கள் அவருக்கு முன்பே அறிந்திருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற துறைக்கு அவர் ஆலை அருகில் இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு அவர் நீண்ட தவணையில் கடன் கொடுத்தார். அவருடைய வெற்றிக்கு இவ்விரண்டுமே போதுமான காரணம்.

கேள்வி (மீண்டும் மெல்பர்ன்): அப்படியானால் ஹாப்ஸ் பீரைக் காக்கும் என்பதும் பொய்யா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. ஹாப்ஸின் அமிலங்கள் லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்களைத் தடுக்கும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த பல மாதப் பயணத்தில் அது கட்டாயம் உதவியது. மறுப்பது ‘கண்டுபிடித்தார்’ என்பதையும் ‘வலுவான’ என்பதையும்தான். அந்தப் பேல் ஏல் 6 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அக்கால இங்கிலாந்தில் அதைவிட வலிய பீர்கள் தாராளமாகக் கிடைத்தன.

கேள்வி (லெஸ்டர்): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெளிர் பீர் மட்டும்தான் வெப்பத்தைத் தாங்கியது, கறுப்புப் போர்ட்டர் கெட்டுவிட்டது என்றுதானே படித்திருக்கிறோம்?

பதில்: படித்திருப்பீர்கள், ஆனால் போர்ட்டரும் இந்தியாவுக்குப் பீப்பாய் பீப்பாயாக வந்தது. அதிகாரிகளும் வணிகர்களும் பேல் ஏலை விரும்ப, சாதாரணச் சிப்பாய்களின் பானமாகப் போர்ட்டரே இருந்தது. கெட்டுப்போகும் சரக்கை ஆண்டுக்கணக்கில் எவரும் கப்பலேற்ற மாட்டார்கள். கதையின் திருப்புமுனை 1820களில் வருகிறது: ஹாட்சன் குடும்பத்தினர் கப்பல் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே விற்கப் புறப்பட்டதும், கம்பெனியினரின் தூண்டுதலால் பர்ட்டன் நகரத்து ஆலைக்காரர் ஆல்சாப் களத்தில் இறங்கினார். பர்ட்டனின் கிணற்று நீரில் ஜிப்சம் இயற்கையாகவே மிகுதி. அங்கே வெளிர் பீர் தெளிவாகவும் கசப்பு கூர்மையாகவும் அமைந்தது. லண்டன் நண்பர் இன்று பொட்டலத்தில் வாங்கிச் சேர்க்கும் ஜிப்சம் அந்தக் கிணற்றின் நகல்தான்.

சென்னைக்கும் இரட்டை ஐபிஏவுக்கும் உள்ள உறவு இவ்வளவே. இரட்டை ஐபிஏவின் மணம் 1972இல் வெளியான கேஸ்கேட் ஹாப்ஸிலும், அதன்பின் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கிலிருந்து வந்த வகைகளிலும் தொடங்குகிறது. பெயரில் இந்தியா இருப்பதால் ஏலக்காய் போடலாமா என்று மூவர் கேட்டிருக்கிறீர்கள். மூவருக்கும்: வேண்டாம். இந்த விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

கேள்வி (சிகாகோ): ஆறாம் நாள் குமிழி நின்றுவிட்டது...

பதில்: டல்லாஸுக்குச் சொன்ன பதில்.

கேள்வி (ஆக்லாந்து): ஓட்ஸ் சேர்த்துக் கலங்கலாகச் செய்யலாமா?

பதில்: அது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து வழி, நீர், ஈஸ்ட், கசப்பு எல்லாமே மாறும். அதற்குத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி (மதுரை): நம் ஊரில் மொட்டைமாடியில் செய்து பார்க்கலாமா?

பதில்: 1937ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். செய்யாதீர்கள்.

கேள்வி (சான் டியேகோ): பாட்டிலில் அடைத்து ஒரு மாதத்தில் நிறம் மங்கி, மணம் போய், ஈர அட்டைப்பெட்டி வாடை வருகிறது.

பதில்: ஆக்சிஜன். நொதிக்கத் தொடங்கும் முன் ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். நொதித்த பின் அதுவே நஞ்சு. பாத்திரம் மாற்றும்போது குழாயின் முனையைப் பாட்டிலின் அடித்தளத்தில் தொடவைத்துச் சலசலப்பில்லாமல் நிரப்புங்கள். கழுத்தில் வெற்றிடத்தைக் குறைத்து, நுரை வாய்வரை எழும்போது மூடியிடுங்கள். இயன்றால் கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய கெக் என்ற உலோகப் பீப்பாய்க்கு மாறுங்கள். எப்படியானாலும் இந்தப் பீரைச் சேமித்து வைக்காதீர்கள்; குளிரில் வைத்து முதல் சில வாரங்களிலேயே குடித்துவிட வேண்டும்.

கேள்வி (அட்லாண்டா): குமிழி நின்றதும் உலர்ஹாப் போட்டு, இரண்டு நாளில் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையோடு அடைத்தேன். நேற்று ஒரு பாட்டில் வெடித்தது, ஐயா!

பதில்: இதற்காகத்தான் ஹைட்ரோமீட்டரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஹாப்ஸிலும் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. ஈஸ்ட் தொடாமல் விட்ட டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளை அவை சர்க்கரையாக்க, நொதித்தல் மறுபடி தொடங்கிவிடும். இதை ஆங்கில வேதியியலாளர்களான பிரவுனும் மாரிசும் 1893லேயே எழுதிவைத்தார்கள். அடர்த்தி 1.011இலிருந்து 1.008க்கு மூடிய பாட்டிலுக்குள் இறங்கினால், ஒவ்வொரு லிட்டர் பீருக்கும் சுமார் ஒன்றரை லிட்டர் வாயு கூடுதலாகச் சேரும். சாதாரணப் பாட்டில் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. இப்போது செய்ய வேண்டியது: பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கை உடை இல்லாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள், குழந்தைகளை விடவே விடாதீர்கள். பாட்டில்கள் மீது கனத்த போர்வையைப் போர்த்தி, அறையை எவ்வளவு குளிர்விக்க முடியுமோ அவ்வளவு குளிர்வித்து, ஒரு நாள் கழித்து ஒவ்வொன்றாகத் துணி சுற்றி, முகத்தை விலக்கி, மூடியைத் திறந்து தொட்டியில் ஊற்றிவிடுங்கள். வாயுவை விட்டு மறுபடி மூடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், வேண்டாம், ஊற்றிவிடுங்கள்.