செங்கல் சந்தில் காரை கொட்டுகிறதா? சிமெண்ட் மூட்டையை வாங்காதீர்கள்

கேள்வி: கும்பகோணத்தில் 1950களில் கட்டிய வீடு. வெளிச்சுவரில் தரையிலிருந்து இரண்டடி வரை செங்கல் நடுவே காரை பொடியாகக் கொட்டுகிறது. சாவியை விட்டால் ஓரங்குலம் உள்ளே போகிறது. கெமிக்கல் அடித்து சிமெண்ட் பூசாவிட்டால் சுவர் சரிந்துவிடும் என்கிறார் ஒருவர். பூசலாமா?

பதில்: பூச வேண்டாம். அந்தக் காலத்துத் தடித்த சுவர் ஓரங்குலக் காரை போனதற்காக விழாது. செங்கல்லே ஆடினால்தான் இன்ஜினீயரைக் கூப்பிட வேண்டும்.

நிலத்து ஓதம் சுவரில் ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிக் கெட்டிப்பட்டுக் காரையை உடைக்கும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இரண்டடித் தொல்லை நாலடியாகும். பிறகு பூச்சு கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

கெமிக்கல் அடிக்கச் சொல்லும் இந்த ஏஜெண்டுகளிடம் ஜாக்கிரதை. ஈரம் காட்டும் கருவியைச் சுவரில் வைத்துச் சிவப்பு விளக்கைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். உப்பேறிய சுவரில் ஈரம் குறைவாக இருந்தாலும் கருவி காட்டும் அளவு எகிறத்தான் செய்யும். 'பத்து வருட கேரண்டி' என்பார்கள். கேரண்டிச் சீட்டில் ஒரு செல்போன் நம்பரைத் தவிர வேறொன்றும் இருக்காது. முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களுக்குத் தேவை சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனார். பொடியான காரையை ஓரங்குல ஆழத்துக்குக் கையால் சுரண்டி எடுக்கட்டும். கட்டிங் மெஷின் வேண்டாம், செங்கல் ஓரம் போய்விடும். பிரஷ்ஷால் தட்டி, தண்ணீர் தெளித்து, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு கலந்து அழுத்தி அடைக்க வேண்டும். ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கட்டும்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். டெல்டாவில் பல பழைய வீடுகள் வெளியே சுண்ணாம்பு, உள்ளே மண்சாந்து. ஆழத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து டம்ளர் தண்ணீரில் போடுங்கள். அப்படியே கரைந்து சேறாகிவிட்டால் அது மண்சாந்து. அந்தச் சுவரில் ஹோஸ் பைப்பைக் காட்டவே கூடாது. உள்ளே இருப்பதும் வழிந்து வந்துவிடும். ஈரத்துணியால் ஒற்றி, ஒரு தடவைக்கு இரண்டடி நீளம் மட்டும் சுரண்டி, அதை அடைத்து இறுகவிட்டு, அப்புறம்தான் பக்கத்து இரண்டடி. கொத்தனார் அவசரப்பட்டாலும் விடாதீர்கள்.

வாசலையும் பாருங்கள். ரோடு உங்கள் தரையைவிட உயர்ந்துவிட்டதா? பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலரே உத்தரவிட்டார். இன்னமும் தாருக்கு மேல் தார்தான். மழைத்தண்ணீர் முழுக்க நம் சுவரடியில். மனு கொடுத்தால் இந்த ஆபீசிலிருந்து அந்த ஆபீசுக்கு அனுப்புகிறார்கள், வீடு அதுவரை ஊறிக்கொண்டே இருக்கிறது. அவர்களுக்காகக் காத்திராமல் சுவரை ஒட்டிப் போட்ட சிமெண்ட் தளத்தை உடைத்து, தண்ணீர் வெளியே ஓட வாட்டம் கொடுங்கள். அதை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். காரை வேலையைத் தை பிறந்து, சுவர் கொஞ்சம் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.