மண்ணீரல் காயத்துக்கு இரண்டாவது ஸ்கேன் எதற்கு?

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்த என் கணவருக்கு (வயது 38) ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தி, மண்ணீரலில் மூன்றாம் நிலைக் காயம் ஏற்பட்டது. ஆபரேஷன் தேவையில்லை என்ற டாக்டர், மூன்றாம் நாள் மறுபடியும் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நன்றாக இருந்தவருக்கு அது எதற்கு? வீட்டுக்கு வந்து நான்கு நாட்களாகின்றன. இனி பயமில்லையா?

– வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த ஸ்கேன் வீண் செலவல்ல, சகோதரி. மண்ணீரல் கிழிசலில் ரத்தம் உறைந்து கசிவு நின்ற பிறகும், உள்ளே அடிபட்ட தமனியின் சுவர் மெல்ல மெல்லக் குமிழாகப் புடைத்து, பின்னர் வெடித்து ரத்தம் கசியக்கூடும். விபத்தன்று எடுத்த ஸ்கேனில் இல்லாத குமிழ், நாடித்துடிப்பும் ஹீமோகுளோபினும் சீராக இருக்கும்போதே 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தென்படுவதுண்டு. ஸ்கேனுக்காக ஊசிவழி செலுத்தும் சாயம் தமனியில் ஓடும் நொடிகளில் எடுக்கும் படத்தில்தான் அது தெளிவாகத் தெரியும். காயத்தை ஒன்று முதல் ஐந்து நிலைகளாகப் பிரிக்கும், 2018-இல் திருத்தப்பட்ட அமெரிக்க அளவுகோலின்படி, கிழிசல் சிறியதானாலும் இத்தகைய குமிழ் இருந்தால் அது நான்காம் நிலைக் காயம். அது தெரிந்தால், தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயைச் செலுத்திச் சுருள்கம்பியால் அந்த ரத்தக்குழாயை அடைத்து, மண்ணீரலைக் காப்பாற்றிவிடலாம். முதல் இரண்டு நிலைகளுக்குப் பொதுவாக மறுஸ்கேன் வேண்டியதில்லை. மூன்றாம் நிலைக்கு எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே வழக்கம் இல்லையென்றாலும், எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஆனால், அந்த ஸ்கேன் நன்றாக இருந்ததாலேயே ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். தாமதமான ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் நிகழ்கிறது. அரிதாக அதற்குப் பின்னும் வரலாம். இரவில் படுத்திருக்கும்போது, அடியே படாத இடது தோள்பட்டை நுனியில் வலி எடுத்தால், தலையணை சரியில்லை என்று தைலம் தேய்த்துக் காலைவரை காத்திருக்காதீர்கள். வயிற்றில் கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால், வலி தோளில் தெரிகிறது. எழுந்து நிற்கையில் தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கூடிவரும் வயிற்றுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். டிஸ்சார்ஜ் தாளைக் கையோடு கொண்டுசென்று, மண்ணீரலில் அடிபட்டவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். அவற்றில் சில, ரத்தம் உறைவதைக் குறைக்கும். காயம் ஆற ஏறத்தாழ இரண்டு, மூன்று மாதங்கள் பிடிக்கலாம் என்பதால், பைக் ஓட்டுவதும் விளையாட்டும் டாக்டர் அனுமதித்த பிறகுதான். உடம்பு தேறியதாக அவரே சொன்னாலும், தண்ணீர் கேனையோ கேஸ் சிலிண்டரையோ இப்போது தூக்க விடாதீர்கள்.