கோனரேயின் தீர்ப்பு – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

அயர்லாந்தின் பழங்கதைகளில் நியலின் கதையை வாசித்தேன். அவன் அடிமைப்பெண்ணின் மகன். கிணற்றைக் காக்கும் அருவருப்பான கிழவி தண்ணீருக்கு ஈடாக முத்தம் கேட்க, மாற்றாந்தாயின் பிள்ளைகள் நால்வரும் மறுக்கிறார்கள். நியல் அவளைத் தழுவி, அயர்லாந்துப் பேரரசர்களின் இருக்கையான தாராவின் அரசுரிமையைப் பெறுகிறான். பிறப்பைவிடத் தகுதியே பெரிது என்னும் புரட்சியல்லவா இது? பிறகு ஏன் அங்கே அரச குடும்பத்தார் தங்களுக்குள் வெட்டிக்கொண்டார்கள்? தாராவில் இன்று நிற்பது, உரிய அரசனைக் கண்டு கூவிய அதே கல்தானா?

ம.

அன்புள்ள ம.,

கல்லை விடுங்கள், அது சுற்றுலா வழிகாட்டிகளின் பாடு. வெட்டிக்கொண்டதற்குக் காரணம் எளியது. மூத்த மகனுக்கே பட்டம் என்ற விதி அங்கில்லை. ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழிவந்த ஆண்கள் அனைவரும் போட்டிக்கு வரலாம்.

‘புரட்சி’யை இவ்வளவு மலிவாகச் செலவழிக்காதீர்கள். நியலின் கதையைப் பாடும் செய்யுள், 1024இல் இறந்த குவான் என்ற புலவரின் பெயரில் வழங்குகிறது. நியலின் வழிவந்த மேல் ஷெக்னலிடமிருந்து 1002இல் வேறு குலத்தவனான பிரையன் போரு பேரரசைப் பறித்துக்கொண்டதைக் கண்ட தலைமுறை அது. நால்வரும் மறுத்ததாக எழுதுகிறீர்கள், அதுவும் தவறு. ஃபியக்ரா பட்டும் படாமலும் ஒரு முத்தம் கொடுக்கிறான். அதற்குக் கூலியாக அவன் வழியில் இருவர் மட்டும் தாராவை ஆள்வார்கள் என்கிறாள் கிழவி. கதையுருவில் எழுதிய பாத்தியதைப் பத்திரம் இது.

உங்கள் கடிதம் வந்தபோது நான் தாராவின் இன்னொரு கதையரசனான கோனரேயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அரியணை ஏறுவதைப் பற்றியே எல்லாரும் கேட்கிறீர்கள்; அதை ஓர் அரசன் எப்படி இழந்தான் என்பதில்தான் அந்தக் கதைசொல்லிகளின் மனம் தங்கியிருந்தது. கோனரேயும் டோன் தேசாவின் பிள்ளைகள் மூவரும் ஒரே வீட்டில், ஒரே நிற உடையும் ஒரே நிறக் குதிரையுமாக வளர்ந்தவர்கள். செவி, பார்வை, தீர்ப்பு என்ற தன் மூன்று திறன்களையும் ஆளுக்கொன்றாக அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன். அவன் அரசனானதும், என்ன தண்டனை தருகிறான் பார்ப்போம் என்றே அவர்கள் ஒரு குடியானவனிடம் ஆண்டுதோறும் பன்றி, கன்று, பசு எனத் திருடுகிறார்கள். முறையிட வந்தவனை, அவர்களிடமே போய்க் கேள் என்று அனுப்புகிறான் அரசன். போனவனை அவர்கள் கொல்ல வருகிறார்கள்.

திருட்டு முற்றி, பிற பிரபுக்களின் பிள்ளைகளும் சேர்ந்த பெருங்கொள்ளையாகிப் பிடிபட்டபோது அவன் சொன்ன தீர்ப்பு: ஒவ்வொரு தந்தையும் தன் மகனைக் கொல்லட்டும், என் சகோதரர்களை மட்டும் விட்டுவிடுங்கள். சபை ஒப்புக்கொண்ட பிறகே அவனுக்கு உறைக்கிறது. இந்தத் தீர்ப்பு என் ஆயுளை நீட்டாது என்று தானே சொல்லி அதை மாற்றுகிறான். ஆனால் மாற்றியதிலும் நீதியில்லை. கடல் கடந்து ஆல்பாவில் (இன்றைய ஸ்காட்லாந்தில்) கொள்ளையடித்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரையும் அனுப்பிவைக்கிறான்.

அவர்கள் இங்கேல் என்னும் ஒற்றைக்கண்ணனோடு திரும்பிவந்து, கோனரே தங்கியிருந்த தா தெர்காவின் விடுதிக்குத் தீ வைக்கிறார்கள். மூன்று செந்நிறக் குதிரைவீரர்கள் அவனுக்கு முன்னே சென்றதால், விலக்குகளை (அரசனுக்கு ஆகாதவை என விதிக்கப்பட்டவற்றை) மீறியதால் அவன் அழிந்தான் என்று சுருக்கங்கள் எழுதித் தள்ளுகின்றன. அந்த வீரர்கள் வருவது தீர்ப்புக்குப் பின்னர்தான். தன் ஆட்சியில் கொள்ளை நடக்கக் கூடாது என்பதும் அவனுக்கிட்ட விலக்குகளில் ஒன்று; அது கெட்டது அந்தக் குடியானவனை வெறுங்கையோடு அனுப்பிய நாளில்.

சுருக்கத்தை மூடிவிட்டு முழுக்கதையையும் வாசியுங்கள், தம்பி. விடுதிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று இங்கேல் ஒவ்வொருவராக விவரிக்க, டோன் தேசாவின் பிள்ளைகள் மூவரில் ஒருவனான ஃபெர் ரோகன் அடையாளம் சொல்லிச் சொல்லி அழும் பகுதி நீண்டது. அதைத் தாண்டிப் போகாதீர்கள்.