விபத்தில் அடிபட்டவர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வருவதற்குள் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

லாரி மோதி அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்து, இந்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், என்ன தயார் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கக்கூஸைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்களுக்குப் பாலக்கோடு பக்கம். 3 வருடம் முன்பு என் தம்பிக்குத் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பைக் விபத்து, இதே தொடை எலும்பு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் அன்று ஒரு சீட்டும் மாத்திரைக் கவரும் கொடுத்தார்கள். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. எங்கள் கக்கூஸ் குந்தி உட்காருவது, அதுவும் இரண்டு படி இறங்கி வெளியே போக வேண்டும். அதனால் படுத்தபடியே வெளிக்குப் போக பெட்பேன் வாங்கினோம். அம்மாதான் எடுத்துப் போடுவார்.

நாலாம் நாளிலிருந்து தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. களி பாதி உருண்டை, தண்ணீர் இரண்டு மடக்கு, அவ்வளவுதான். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தோம். ஒரு ராத்திரி என்னிடம் மட்டும் சொன்னான்: "சாப்பிட்டா வெளிக்குப் போகணும்ல அண்ணா. அம்மாவக் கூப்பிடணும்." அவனுக்கு அப்போது 27 வயது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மறுநாளே தர்மபுரி போய், நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி வாங்கி வந்தேன். கட்டிலை ஒட்டிப் போட்டு, அம்மாவின் பழைய புடவையைத் திரையாகக் கட்டினோம். வாக்கரைப் பிடித்து அவனே மாறி உட்காரப் பழகினான். அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டான். கயிற்றுக் கட்டிலும் வேண்டாம், குழிந்துவிடும், எழ முடியாது. முழங்கால் உயரத்துக்கு மரக் கட்டில் போடுங்கள்.

அடுத்தது முழங்கால். பார்க்க வருபவர்கள் எல்லாரும் "அசையாம கிட, எலும்பு கூடட்டும்" என்பார்கள். அதைக் கேட்டு நாங்கள் 3 வாரத்தை வீணடித்தோம். முறிந்தது தொடை என்றாலும் இறுகிப்போவது முழங்கால்தான். அதற்குப் பயிற்சி வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். சர்க்கரை, பிபி மாத்திரை மட்டும் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் செய்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே சொல்லி வையுங்கள். குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடியே இழுத்து மடக்குவது, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவை எளிதான பயிற்சிகள்தான். தினமும் செய்ய வைப்பதுதான் கஷ்டம். வலிக்கிறது என்று திட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வையுங்கள்.

எண்ணெய் போட்டு நீவ ஆள் கூட்டி வருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முட்டை, கறி சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்பதும் தப்பு. எலும்பு கூடுவதற்கு அவைதான் வேண்டும். களியோடு முட்டை, கொள்ளு, கீரை எல்லாம் கொடுங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில், எஃப்.ஐ.ஆர். நகல் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தப்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீடு கேட்டு மனு போட வேண்டும். காயம் ஆறட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

கிளம்பும் முன் டாக்டரிடம் இரண்டு கேள்வி: காலை எவ்வளவு ஊன்றலாம், முழங்காலை எப்போதிலிருந்து மடக்கலாம். பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் தம்பியாவது என்னிடம் வாய்விட்டுச் சொன்னான். அப்பா சொல்ல மாட்டார். அவர் வந்து படுப்பதற்கு முன்பே அந்த நாற்காலி கட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.