கெராட்டின் இழைகள் இவ்வளவு உறுதியாக இருக்க மூலக்கூறு அமைப்பில் என்ன காரணம்?

கெராட்டின் என்பது முடியிலும் தோலிலும் உள்ள புரதம். நீங்கள் கேட்ட உறுதிக்குக் காரணம், பெரும்பாலும் அந்தப் புரதத்தின் நடுப்பகுதிதான். கெராட்டின், விமென்டின், டெஸ்மின், லாமின் எல்லாம், செல்லுக்குத் தாங்குசட்டமாக இருக்கும் இடைநிலை இழைப் புரதங்கள் என்ற ஒரே குடும்பம். இரு முனைகளான தலையும் வாலும் புரதத்துக்குப் புரதம் மாறும். நடுவில் சுமார் 310 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா சுருள் (வில்கம்பிபோல் சுருண்ட) தண்டு மட்டும் எல்லாவற்றிலும் உண்டு (லாமினில் 42 கூடுதல்).

அந்தத் தண்டின் வரிசையை ஏழு ஏழாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஏழிலும் முதலாவதும் நான்காவதும் பெரும்பாலும் லியூசின் போன்ற, நீரை விலக்கும் அமினோ அமிலங்கள். அவை சுருளின் ஒரே பக்கத்தில் பட்டையாக வரும். தண்ணீரிலிருந்து அந்தப் பட்டையை மறைக்க, இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொள்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: இவ்வளவு எளிய விதி, இவ்வளவு பெரிய கட்டுமானம்!

விமென்டின் தன்னோடு தானே ஜோடி சேரும். கெராட்டின் அப்படியில்லை, அமிலத்தன்மையுள்ள முதல் வகை ஒன்றும், இரண்டாம் வகை ஒன்றும் சேர்ந்தே ஆகவேண்டும்.

இரண்டு ஜோடிகள் எதிரெதிர் திசையில் படுத்து நான்காகும். செல்லின் இன்னொரு வகை இழையான ஆக்டினுக்கு இரு முனைகளும் வேறுவேறு; எதிரெதிராகப் படுப்பதால்தான் இதற்கு அந்த வேறுபாடு இல்லை. இந்த நான்குகள் பக்கவாட்டில் அடுக்காகச் சேர்ந்து, நீளவாக்கில் இணைந்து, சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள இழையாகின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு கூடத் தேவையில்லை.

முடியில் இன்னொரு பூட்டும் உண்டு: சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலங்களுக்கு இடையிலான கந்தகப் பிணைப்புகள். நிரந்தரமாகச் சுருட்டும் ரசாயனங்கள் உடைத்து மறுபடி இணைப்பது இவற்றைத்தான்.

தண்டின் முனைகளில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் விளைவு கடுமை. தோலில் உள்ள கெராட்டின் வகைகளான 5 அல்லது 14இல் அப்படி நேர்ந்தால், லேசான உராய்வுக்கே தோல் கொப்பளித்துவிடும்.