ஒன்றேகால் லட்சம் ரூபாய் லேப்டாப் இப்போதே வேண்டுமா?

கேள்வி: மகனுக்கு கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. ஏஐ படிக்க 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் இல்லையென்றால் பின்தங்கிவிடுவேன் என்கிறான். ஒன்றேகால் லட்சம் ஆகிறது. நகையை அடகு வைத்து வாங்கித் தரலாமா?
— ஒரு தாய், வில்லிவாக்கம்

அம்மா, நகை பெட்டியிலேயே இருக்கட்டும். முதல் வருடத்துக்கு அந்த லேப்டாப் தேவைப்படாது. அதற்காக, கேம் விளையாடத்தான் கேட்கிறான் என்று ஒதுக்கியும் விடாதீர்கள். (விளையாடுவான்தான், அது வேறு விஷயம்.) அவன் சொல்வதில் பாதி உண்மை.

திரையில் படம் வரையத்தான் கிராபிக்ஸ் பிராசசர் வந்தது. ஜிபியு என்ற பெயரை 1999-ல் ஜிஃபோர்ஸ் 256 கார்டோடு சேர்த்துப் பரப்பியது என்விடியா. கம்ப்யூட்டரின் பொதுவான பிராசசரான சிபியுவை, எதையும் சமைக்கத் தெரிந்த நாலைந்து மாஸ்டர்கள் என்று வைத்துக்கொண்டால், ஜிபியு ஒரே நேரத்தில் எல்லா இலைக்கும் பரிமாறுகிற பந்தி ஆட்கள். வேலை எளிது, ஆள் ஏராளம். ஏஐ கணக்குகளும் இப்படி ஒரே மாதிரியான பெருக்கல், கூட்டல்தான். 2012-ல் டொராண்டோவில் உருவான அலெக்ஸ்நெட் என்ற, படத்தில் இருப்பது என்ன என்று சொல்லும் ஏஐ மாடல், கேமுக்காகக் கடையில் விற்ற இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில் பயிற்சி பெற்றது. ஒரு கார்டின் 3 ஜிபி மெமரி போதாமல்தான் மாடலை இரண்டுக்கும் பங்கிட்டார்கள்.

பையன் கேட்கும் 8 ஜிபியும் இதே வீடியோ மெமரிதான். எதற்கு எவ்வளவு வேண்டும் என்று அவனையே பேப்பரில் போடச் சொல்லுங்கள். ஃபுல் எச்டி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் 8 எம்பி சொச்சம். படத்தைத் திரையில் காட்ட அவ்வளவே போதும். கேமில் மீதி இடத்தைப் பெரும்பாலும் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) பிடிக்கும். ஏஐயில் மாடலே பிடித்துக்கொள்ளும். 700 கோடி பாராமீட்டர் (பயிற்சியில் மாடல் கற்றுக்கொண்ட எண்கள்) உள்ள மொழி மாடலில் ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் 14 ஜிபி. 8 ஜிபி கார்டில் ஏறாது. ஒவ்வொன்றையும் 4 பிட்டுக்கு, அதாவது அரை பைட்டுக்குச் சுருக்கினால் 3.5 ஜிபி, ஓட்டிப் பார்க்கலாம். முழுதாகப் பயிற்சி கொடுக்கப் போனாலோ 14-ஐப் போலப் பல மடங்கு கேட்கும். ஆக, முதல் வருடப் பாடத்துக்கு இந்த லேப்டாப் அதிகம், பெரிய ஏஐ வேலைக்குப் போதாது. இரண்டுங்கெட்டான் நிலைக்கு ஒன்றேகால் லட்சம்!

பழகுவதற்கு, நம் நிரலை கூகுளின் கம்ப்யூட்டரிலேயே ஓட்டித் தரும் கூகுள் கோலாப் இருக்கிறது. சாதாரண லேப்டாப்பின் பிரவுசரிலேயே ஓடும். இலவசக் கணக்கில் பெரும்பாலும் டி4 ஜிபியு கிடைக்கும். அதன் மெமரியே 16 ஜிபி. நேர வரம்பு உண்டு, கூட்டம் அதிகமானால் கிடைக்காமலும் போகும். மாணவனுக்கு அது பெரிய தடை இல்லை. கேகிள் என்ற இணையதளத்திலும் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று இலவசமாகத் தருகிறார்கள்.

இந்தத் துறையில் எந்தப் பக்கம் போகப் போகிறான் என்பதுதான் முக்கியம். மாடல்களை வைத்து அப்ளிகேஷன் செய்பவர்கள் ஏராளம், போட்டியும் அங்கேதான். ஜிபியுவுக்கே நிரல் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. என் சிபாரிசு அதற்குத்தான். சி பிளஸ் பிளஸ், லீனியர் ஆல்ஜிப்ரா, கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் மூன்றும் அழுத்தமாக வேண்டும். பிறகு, ஜிபியுவுக்கு நிரல் எழுத என்விடியா தரும் ‘கூடா’ (CUDA). ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் தளத்தில் ஜிபியு புரோகிராமிங் பாடம் இலவசமாகவே உண்டு. சிப்பையே வடிவமைக்க ஆசை என்றால் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்), விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு) பக்கம்தான் வழி. அந்த வேலை பெரும்பாலும் சிபியுவும் ராமும் நிறைந்த சர்வர்களில் நடக்கும். ஜிபியு சிப் வடிவமைக்கிறவருக்குக்கூட லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு கட்டாயமில்லை. விஎஃப்எக்ஸ், 3டி கேம் உருவாக்கம் என்றால் மட்டும் என் பதில் மாறும். அங்கே கார்டு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, கூடுதல் ராம் போட ஸ்லாட், இவை உள்ளதைக் கேளுங்கள். கிராபிக்ஸ் 8 ஜிபி இருக்கு சார் என்று கடைக்காரர் சொன்னால் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லி, ஜிபியு பக்கத்தில் டெடிகேட்டட் (கார்டின் சொந்த மெமரி), ஷேர்டு இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஷேர்டு என்பது உங்கள் ராமிலிருந்தே கடன் வாங்குவது. அதைக் கூட்டிச் சொன்னால் ஏமாறக் கூடாது. லேப்டாப்பில் வீடியோ மெமரியை பின்னால் கூட்டவும் முடியாது, போர்டோடு சால்டர் செய்திருப்பார்கள். இன்னொன்று: கார்டுக்கு ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஒரே பெயர் இருந்தாலும் அது எடுக்கும் வாட் லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும், வேகமும் அதற்கேற்பத்தான்.

கோலாபில் இரண்டு மேட்ரிக்ஸை (எண் அட்டவணை) பெருக்கும் நிரலை சிபியுவில் ஒருமுறை, ஜிபியுவில் ஒருமுறை ஓட்டி, நேர வித்தியாசம் ஏன் என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொல்லுங்கள். சிறிய மேட்ரிக்ஸில் சிபியுவே முந்தும். அது ஏன் என்பதையும் கேளுங்கள். அதைச் சொல்லிவிட்டு, அடுத்த செமஸ்டரிலும் இலவச நேரம் போதவில்லை என்று புலம்பினால், மூன்றாம் வருடம் புராஜெக்ட் தொடங்கும்போது கார்டு உள்ளதை வாங்குங்கள். அதற்குள் இதே காசுக்கு இதைவிட நல்லது வந்திருக்கலாம்.