மார்ஷலின் கறுப்பு ஏன் பழுப்பாகிறது?

வணக்கம். ஓவிய வகுப்பில் காட்ட, அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் பாணியில் முகம் கேட்டால், படம் உருவாக்கும் ஏஐ கருவியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளிறிய பழுப்பு முகத்தையே தருகிறது, ப்ராம்ப்ட்டில் (நான் தட்டச்சு செய்யும் கேள்வியில்) எங்கே தப்பு என்று கேட்டிருந்தீர்கள். தப்பு உங்களுடையது இல்லை.

முதலில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஐவரி பிளாக், கார்பன் பிளாக், மார்ஸ் பிளாக் என்று மூன்று கறுப்புச் சாயங்கள். அவற்றில் நீலமும் பச்சையும் கலந்து, கறுப்புக்குள்ளேயே வெம்மையும் குளிர்ச்சியும் வரவைக்கிறார். கன்னம் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்பது கறுப்பின் மேல் கறுப்பாகவே தெரியும். அருங்காட்சியகச் சுவர்களில் கறுப்பின மக்கள் இல்லாத குறையைத் தீர்க்கவே இப்படி வரைகிறார்.

இந்தக் கருவிக்குப் படத்தின் மேல் தாறுமாறான புள்ளிகளை, அதாவது இரைச்சலைத் தூவி, அதை நீக்கக் கற்றுக்கொடுப்பார்கள். பழைய பதிப்புகளைப் பயிற்றுவித்தபோது அந்த இரைச்சல் படத்தை முழுதாக மூடவில்லை. சராசரி வெளிச்சம் கசிந்துவிட்டது. அதனால் எந்தப் படத்தையும் நடுத்தர வெளிச்சத்துக்கே இழுக்கும். 2023-இல் ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். 'ஆஃப்செட் நாய்ஸ்' (இரைச்சலோடு ஒட்டுமொத்த வெளிச்சத்தையும் மாற்றும் உத்தி) கொண்டு பயிற்றுவித்த லோரா (கருவியோடு இணைக்கும் சிறு கூடுதல் கோப்பு) ஒன்றைப் போட்டுப் பாருங்கள், இருட்டு ஓரளவு வரும்.

அப்புறம் இன்னொன்று. செனகல் கலைஞர் லிண்டா டூனியா ரெபெய்ஸ், தன் நாட்டுத் தலைநகர் டாக்கரின் கட்டடங்களைக் கேட்டபோது, டால்-இ 2 என்ற இன்னொரு படக் கருவி வறண்ட நிலத்தையும் இடிபாடுகளையும் கொடுத்தது. இது வெளிச்சப் பிரச்சினை இல்லை, கருவி கற்ற படங்களின் சாய்வு; லோராவால் தீராது.

வகுப்புக்குத்தானே? மார்ஷல் 1980-இல் வரைந்த சுய உருவப்படத்தின் அச்சையே காட்டுங்கள். கரிய பின்னணியில் கரிய முகம். கண்ணும் பல்லும் சட்டையும் மட்டும் வெள்ளை.